பெரட்டும் கூட்டமும்

பேராக் மாநிலத்தின் பழைய ரப்பர்த் தோட்டங்களில் பொழுது 'பெரட்டு'டன்தான் தொடங்கியது. இருள் பிரியுமுன், விடியற்காலை ஐந்தரை மணி வாக்கில், தொழிலாளர்கள் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்பார்கள். கிராணி செக்ரோலைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார்; கூப்பிடப்பட்டவர் குரல் கொடுப்பார். யாருக்கு எந்த நிரை, புல் வெட்டப் போவது யார், மருந்து தெளிக்கப் போவது யார் என்பதை மண்டோர் அறிவிப்பார். சில நிமிடங்களில் களம் வெறிச்சோடிவிடும். வெயில் ஏறிவிட்டால் மரத்தில் பால் வடிவது குறைந்துவிடும். ஆகவே, அங்கே கேள்வி கேட்க நேரமும் இல்லை. கேட்கும் வழக்கமும் இல்லை.

பெரட்டைப் பழிப்பது என் நோக்கமன்று. பல்லாயிரம் மரங்களும் நூற்றுக்கணக்கான ஆள்களும் கொண்ட ஒரு தோட்டத்தில், அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்க அதைவிட விரைவான வழி இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால், பெரட்டு என்பது கூட்டம் ஆகாது. பெரட்டில் ஒருவர் பேசுவார், மற்றவர் கேட்பார். ஆள்கள் களத்துக்கு வருமுன்பே முடிவு எடுக்கப்பட்டிருக்கும். கூட்டத்திலோ முடிவு இன்னும் பிறந்திருக்காது. கூடியிருப்பவர்கள் பேசிப் பார்த்துத்தான் அதைக் காண வேண்டும். இன்று தோட்டங்கள் பல மறைந்துவிட்டன. ரப்பர் மரங்கள் நின்ற இடங்களில் செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் வந்துவிட்டன. பெரட்டு மட்டும் மறையவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. நாற்காலி போட்டு, மின்விசிறி சுழல, 'கூட்டம்' என்ற பெயரில் அது நம்மிடையே நடந்துகொண்டுதான் இருக்கிறது.

பள்ளிக் கழகம், ஆலய நிர்வாகம், குடியிருப்பாளர் சங்கம், பெற்றோர் ஆசிரியர் சங்கம் என எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். தலைவர் நாற்பது நிமிடம் பேசுகிறார். செயலாளர் அறிக்கை வாசிக்கிறார். "முன்மொழிபவர் யார்? வழிமொழிபவர் யார்?" என்று கேட்கப்படுகிறது. வழக்கமாக உயரும் இரண்டு கைகள் உயர்கின்றன. தேநீருடன் கூட்டம் நிறைவுறுகிறது. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வாய் திறக்கவே இல்லை. "ஒருமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்று கூட்டக் குறிப்பில் எழுதப்படுகிறது. யாருடைய மனம்?

நடந்தது கூட்டமா, பெரட்டா என்று கண்டறிய ஓர் எளிய சோதனை உண்டு. கூட்டத்தில் எவரேனும் சொன்ன ஒரு சொல்லால், முன்பு நினைத்திருந்த ஏதாவது ஒன்று மாறியதா? ஒரு தேதி, ஒரு செலவு, ஒரு பொறுப்பு எதுவாகவும் இருக்கலாம். எதுவுமே மாறவில்லை என்றால் அங்கே நடந்தது அறிவிப்பு. அறிவிப்புக்காக முப்பது பேரை ஓர் அறையில் உட்கார வைக்கத் தேவையில்லை. புலனத்தில் ஒரு செய்தி அனுப்பினால் போதும். அவரவர் தங்கள் வேலையைப் பார்க்கலாம்.

கூடிப் பேசும் உரிமை நம் முன்னோருக்கு எளிதில் கிடைத்ததன்று. 1941-ஆம் ஆண்டில் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். சம்பள உயர்வும் மருத்துவ வசதியும் பிள்ளைகளுக்குக் கல்வியும் கேட்டார்கள். அவற்றோடு பேச்சுரிமையையும் ஒன்றுகூடும் உரிமையையும் சங்கம் அமைக்கும் உரிமையையும் கேட்டார்கள். துரையின் எதிரில் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை நீக்க வேண்டும் என்பதும் அந்தக் கோரிக்கைகளுள் ஒன்று. ஒரு மனிதர் வருகிறார் என்பதற்காக மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டிய நிலையில் இருப்பவர், அவர் முன்னிலையில் எழுந்து மாற்றுக் கருத்தைச் சொல்வாரா? கூடிப் பேசுவதற்கு மதிப்பும் அச்சமின்மையும் அடிப்படை என்பதை அந்தத் தொழிலாளர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

போருக்குப் பின் தொழிற்சங்கங்கள் வளர்ந்தன. பல சங்கங்கள் ஒன்றிணைந்து 1954-ஆம் ஆண்டில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. பி.பி. நாராயணன் அதன் பொதுச் செயலாளராகப் பல்லாண்டு பணியாற்றினார். அதுவரை பெரட்டில் நின்றே பழகியவர்கள், சங்கக் கூட்டத்தில் உட்கார்ந்து பேசக் கற்றுக்கொண்டார்கள். ஆனால், கூட்டத்தின் முழு ஆற்றலைக் காட்டும் எடுத்துக்காட்டு என்று நான் கருதுவது, பேராக் மண்ணில் பிறந்த ஒருவர் தொடங்கிய இன்னொரு முயற்சியைத்தான்.

1950-களில் ஐரோப்பிய முதலாளிகள் பலர் தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி மீண்டும் விற்றார்கள். இதைத் தோட்டத் துண்டாடல் என்பர். 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அஜீஸ் தனி ஆய்வாகவே மேற்கொண்டார். தோட்டம் துண்டானால் தொழிலாளிக்கு வேலை போகும். லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தமானதால் வீடும் போகும். வீட்டோடு பிள்ளையின் பள்ளியும், கும்பிட்ட கோயிலும் கைவிட்டுப் போகும். இந்த நெருக்கடியில்தான், சுங்கை சிப்புட்டில் 1919-ஆம் ஆண்டு பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களே பணம் சேர்த்துத் தோட்டத்தை வாங்க வேண்டும் என்பது அவரது திட்டம். பங்கு ஒன்று நூறு வெள்ளி. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம்.

பத்து வெள்ளி இன்று ஒரு வேளை உணவுக்கே போதாமல் போகலாம். அன்று ஒரு நாள் கூலியே சில வெள்ளிகள்தான். மழை பெய்தால் மரம் சீவ முடியாது. அந்த நாளின் வருமானமும் கேள்விக்குறியாகிவிடும். அப்படிப்பட்ட ஒரு குடும்பத்திடம் பத்து வெள்ளி கேட்கும்போது எத்தனை ஐயங்கள் எழும் என்று நினைத்துப் பாருங்கள். பணத்தை யார் வைத்திருப்பார்? தோட்டம் வாங்க முடியாமல் போனால் பணம் திரும்பி வருமா? நான் இறந்துவிட்டால் என் பங்கு யாருக்கு? கூலி வாங்கிய நாம் தோட்டத்துக்கு உரிமையாளராவது நடக்கிற காரியமா? இவற்றைக் கேட்பவர் விதண்டாவாதம் செய்பவர் அல்லர். தம் உழைப்பின் பயனைப் பிறர் கையில் ஒப்படைக்கும் எவரும் கேட்டே தீர வேண்டிய கேள்விகள் இவை.

இந்த இடத்தில் பெரட்டு உதவாது. "நாளை முதல் ஆளுக்குப் பத்து வெள்ளி" என்று அறிவித்தால் யாரும் கொடுக்க மாட்டார்கள். சம்பந்தன் அப்போது அமைச்சர். ஒரு பெரிய அரசியல் கட்சியின் தலைவரும்கூட. ஆயினும், அவர் தம் துணைவியார் உமா சுந்தரியுடன் தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளர்களைச் சந்தித்துப் பேசினார். அடுத்த ஆண்டே, அதாவது 1961-இல், கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. பின்னர் மேலும் பல தோட்டங்கள் சேர்ந்தன. 1979-இல் சம்பந்தன் மறைந்த பிறகு, தோ புவான் உமா சுந்தரி அந்தச் சங்கத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். பல்லாயிரம் பேர் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டுத் தோட்டங்களை வாங்கிய வரலாற்றுக்குப் பின்னால் பேச்சும் கேள்வியும் பதிலும் இருந்திருக்க வேண்டும். கட்டளையால் கட்டக்கூடிய வீடன்று அது.

கூட்டுறவுச் சங்கத்துக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. வணிக நிறுவனத்தில் அதிகப் பங்கு வைத்திருப்பவருக்கு அதிக வாக்கு. கூட்டுறவில் ஒருவருக்கு ஒரு வாக்குதான். 1844-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் 28 பேர் சேர்ந்து ஒரு கூட்டுறவுக் கடை தொடங்கினார்கள். அவர்கள் வழியாக உலகெங்கும் பரவிய நெறி இது. உங்கள் பள்ளியில் கூட்டுறவுக் கடை இருந்தால், அதில் நீங்கள் உறுப்பினராக இருந்தால், ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் உங்களுக்கும் ஒரு வாக்கு உண்டு. எத்தனை பேர் அந்தக் கூட்டத்துக்குக் கணக்கு அறிக்கையைப் படித்துவிட்டுச் செல்கிறோம் என்பது வேறு கதை.

ஆனால், வாக்கு இருப்பதும் குரல் இருப்பதும் ஒன்றல்ல. சட்டம் ஒருவருக்கு வாக்கைக் கொடுத்துவிடும். குரலைக் கூட்டத்தை நடத்துபவர்தான் கொடுக்க வேண்டும். விதிகள் மட்டும் போதா என்பதற்குத் தமிழர் வரலாற்றிலேயே சான்று உள்ளது. காஞ்சிபுரம் அருகிலுள்ள உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொறிக்கப்பட்டவை. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொன்னார்கள். ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று தனித்தனிக் குழுக்கள் இருந்தன. பதவிக்காலம் ஓராண்டு. கணக்குக் காட்டாதவருக்கு மீண்டும் இடமில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இத்தனை நுட்பமா என்று நாம் பெருமைப்படுகிறோம். பெருமைப்படலாம். ஆனால், குடத்தில் பெயர் விழ வேண்டுமானால் வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். 35 முதல் 70 வயதுக்குள் இருக்க வேண்டும். வேதக் கல்வியும் வேண்டும். அந்த ஏரியின் நீரைப் பாய்ச்சி உழுதவரின் பெயர் குடத்துக்குள் போகவே இல்லை. மேடைகளில் குடவோலையைப் புகழ்பவர்கள் இந்தப் பாதியைச் சொல்வதில்லை.

எனவே, நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: நாம் எடுக்கப்போகும் முடிவால் யார் வாழ்வு மாறும்? அவர் இந்த அறையில் இருக்கிறாரா?

தோட்டப்புறங்களில் பெண்களும் ஆண்களுக்கு நிகராக மரம் சீவினார்கள். பெரட்டில் அவர்களும் நின்றார்கள். கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு நிரைக்குப் போனார்கள். மாலையில் கூட்டம் வைத்தால் என்ன ஆகும்? அந்த நேரத்தில் அடுப்பு எரிய வேண்டும். பிள்ளைகளைக் குளிப்பாட்ட வேண்டும். அவர்களை வர வேண்டாம் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நேரமே சொல்லிவிடும். இன்றும் நம் சங்கங்கள் பலவற்றில் இரவு எட்டரை மணிக்குக் கூட்டம் தொடங்குகிறது. பெண்கள் ஏன் பொறுப்புக்கு வருவதில்லை என்று அதே கூட்டத்தில் ஆண்கள் வருத்தப்படுகிறார்கள்.

இதன் விளைவு சிறியதன்று. தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் ஈப்போவின் புந்தோங், சுங்கை சிப்புட் போன்ற இடங்களுக்குப் பெயர்ந்த பின், தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை குறைந்தது. 150 மாணவர்களுக்கும் குறைவாக உள்ள பள்ளிகளைக் குறைந்த மாணவர் எண்ணிக்கை கொண்ட பள்ளிகள் என்று வகைப்படுத்துகிறார்கள். அத்தகைய பள்ளியை வீடமைப்புப் பகுதிக்கு இடம் மாற்றுவதா, இருந்த இடத்திலேயே காப்பதா என்ற கேள்வி எழுகிறது. அதைப் பற்றிப் பேசப் பெற்றோர்களும் வாரிய உறுப்பினர்களும் முன்னாள் மாணவர்களும் கூடுகிறார்கள். அந்தக் கூட்டத்துக்கு யார் வருவார்? வாகனம் உள்ளவர் வருவார். பேசிப் பழகியவர் வருவார். இன்னும் தோட்டத்திலேயே தங்கியிருந்து, பிள்ளையை நடத்தியே பள்ளிக்கு அழைத்துச் செல்லும் தாய்க்கு அந்தக் கூட்டத்துக்கு வர வண்டி கிடைக்குமா? பள்ளி இடம் மாறினால் அவள் பிள்ளை எப்படிப் போகும் என்பதை அவளைவிடத் தெளிவாக எவரும் சொல்ல முடியாது. அவளுக்கு ஒரு கார் அனுப்புவது, நிகழ்ச்சி நிரலை அழகாக அச்சிடுவதைவிட முக்கியமான வேலை. அல்லது கூட்டத்தையே தோட்டத்து மண்டபத்தில் வைக்கலாம். இடம் மாற்றுவது சரியா தவறா என்று நான் இங்கே சொல்ல வரவில்லை. சில பள்ளிகளுக்கு அதுவே வாழ்வளிக்கும். முடிவு எதுவாயினும், அவளைக் கேட்ட பின் எடுக்கப்பட வேண்டும் என்கிறேன்.

உங்கள் பள்ளிக்கு வருவோம். தமிழ்மொழிக் கழகச் செயலவைக் கூட்டத்தைப் பள்ளி முடிந்ததும் வைத்தால், பள்ளிப் பேருந்தில் வரும் உறுப்பினர்கள் பாதியில் எழுந்து ஓடுவார்கள். அவர்களில் பலர் தொலைவிலிருந்து வருபவர்கள். பேருந்து போய்விட்டால் வீடு திரும்ப வழியிராது. நகருக்குள் வசிக்கும் மூன்று நண்பர்கள் மட்டும் இருந்து முடிவெடுப்பார்கள். அது சதி அன்று, கவனக்குறைவு. ஓய்வு நேரத்தில் இருபது நிமிடம் கூடினாலே போதும், முன்னேற்பாடு சரியாக இருந்தால்.

முன்னேற்பாட்டில் முதன்மையானது நிகழ்ச்சி நிரல். பாடத்தில் கூட்டக் குறிப்பு எழுதக் கற்கும்போது நிகழ்ச்சி நிரலையும் கற்கிறோம்: தலைவர் உரை, சென்ற கூட்டக் குறிப்பு வாசித்தலும் ஏற்றலும், பொருளறிக்கை, நடவடிக்கைகள், பிற, நன்றியுரை. இந்த அமைப்பில் தவறில்லை. ஆனால், "பொங்கல் விழா" என்று இரண்டு சொல் மட்டும் எழுதியிருந்தால், வருபவர் எதை யோசித்துக்கொண்டு வருவார்? "பொங்கல் விழாவை வகுப்பு வாரியாக நடத்துவதா, பள்ளித் திடலில் ஒரே பொங்கலாக நடத்துவதா? செலவை எப்படி ஈடுகட்டுவது?" என்று கேள்வியாக எழுதி மூன்று நாள் முன்பே அனுப்பிப் பாருங்கள். பேசத் தயங்கும் மாணவியும் ஒரு யோசனையுடன் வருவாள். திடீரென்று கேட்டால் உடனே வாய் திறப்பவர்கள் எப்போதும் ஒரே நாலு பேர்தான். அவர்கள் மற்றவர்களைவிட அறிவாளிகள் என்று பொருளன்று. விரைவாகப் பேசுபவர்கள், அவ்வளவே.

இனித் தலைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூட்டம் பெரட்டாவது பெரும்பாலும் அவருடைய முதல் வாக்கியத்தில்தான். "நான் என்ன நினைக்கிறேன் என்றால்..." என்று அவர் தொடங்கிவிட்டால், மற்றவர்கள் அதற்கு ஏற்பத் தங்கள் கருத்தை வளைத்துக்கொள்வார்கள். இது வெறும் ஊகமன்று. 1951-ஆம் ஆண்டில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் அமெரிக்காவில் நடத்திய ஆய்வு ஒன்றின் முடிவுகளை வெளியிட்டார். ஒரு கோட்டைக் காட்டி, மூன்று கோடுகளில் எது அதற்குச் சமமான நீளம் என்று ஒரு குழுவிடம் கேட்டார். விடை குழந்தைக்கும் தெரியும். ஆனால், குழுவில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் எல்லாரும் ஆய்வாளரின் ஆள்கள். வேண்டுமென்றே தவறான கோட்டைச் சொன்னார்கள். அந்த ஒருவர், தம் கண்ணே சாட்சியாக இருந்தும், ஏறத்தாழ மூன்றில் ஒரு முறை மற்றவர்களோடு சேர்ந்து தவறான விடையைச் சொன்னார். கண்ணுக்குத் தெரியும் கோட்டுக்கே இந்த நிலை என்றால், கழகப் பணத்தை எப்படிச் செலவிடுவது என்பது போன்ற மங்கலான கேள்விக்கு என்ன நிலை?

அந்த ஆய்வில் நம்பிக்கை தரும் பகுதியும் உண்டு. குழுவில் இன்னும் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னபோது, தயங்கியவருக்குத் துணிவு வந்தது. தவறுக்குத் தலையாட்டுவது வெகுவாகக் குறைந்தது. விடையைத் தாளில் எழுதித் தரச் சொன்னபோதும் குறைந்தது. இவ்விரண்டையும் நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். முக்கியமான கேள்விக்கு முதலில் எல்லாரும் இரண்டு நிமிடம் தாளில் எழுதட்டும், பெயர் வேண்டாம். செயலாளர் தாள்களைச் சேர்த்து வாசிக்கட்டும். தலைவர் கடைசியில் பேசட்டும். யாராவது எதிர்க்கருத்துச் சொன்னால், "ஏன் எல்லாவற்றையும் எதிர்க்கிறாய்?" என்று கேட்காமல், "இன்னும் விளக்கிச் சொல்லுங்கள்" என்று தலைவர் கேட்கட்டும். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுவிட்டு அடுத்த கூட்டத்தில் பேச முன்வருபவர் இன்னொருவராக இருப்பார். திருவள்ளுவர் அவையறிதலையும் அவையஞ்சாமையையும் 72, 73-ஆம் அதிகாரங்களாக வைத்தார். 'கேள்வி' என்ற அதிகாரமோ 42-ஆவது. அவையில் பேசச் சொல்வதற்கு முப்பது அதிகாரங்களுக்கு முன்பே கேட்கச் சொல்லிவிட்டார் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

"எல்லாரையும் பேச விட்டால் கூட்டம் விடிய விடிய நடக்கும், எதுவும் முடிவாகாது" என்று சிலர் சொல்வார்கள். இந்த எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. கட்டுப்பாடில்லாத பேச்சும் ஒரு வகையில் அநீதிதான். உரத்த குரல் உடையவரே அங்கும் வெல்வார். 1863-ஆம் ஆண்டில் ஹென்றி ராபர்ட் என்ற அமெரிக்க இராணுவப் பொறியாளர், ஒரு தேவாலயக் கூட்டத்துக்குத் தலைமை தாங்க அழைக்கப்பட்டார். கூட்டம் கூச்சல் குழப்பத்தில் முடிந்தது. கூட்டம் நடத்தும் முறையைக் கற்காமல் இனித் தலைமை ஏற்பதில்லை என்று உறுதிகொண்ட அவர், 1876-ஆம் ஆண்டில் ஒரு விதிநூலையே எழுதி வெளியிட்டார். இன்றும் உலகின் பல சங்கங்கள் அதைப் பின்பற்றுகின்றன. அதில் எனக்குப் பிடித்த விதி மிகச் சிறியது: ஒரு பொருளைப் பற்றி இதுவரை பேசாதவர் பேச விரும்பினால், ஏற்கெனவே பேசியவர் காத்திருக்க வேண்டும். பேச்சுக்கு நேர வரம்பும் உண்டு. நேரக் கட்டுப்பாடும் அனைவருக்குமான வாய்ப்பும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. தலைவரின் உரையை நாற்பது நிமிடத்திலிருந்து ஐந்து நிமிடமாகக் குறைத்தால், பதினேழு பேருக்கு ஆளுக்கு இரண்டு நிமிடம் கொடுத்த பின்னும் நேரம் மிஞ்சும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நம் நாட்டுக் கூட்டங்களுக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். அது மொழி. அலுவலகக் கடிதம் மலாயில் வருகிறது. கணக்கறிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறது. பேச்சு தமிழில் நடக்கிறது. மும்மொழியும் அறிந்தவர் தடையின்றிப் பேசுகிறார். ஏதேனும் ஒரு மொழி தடுமாறுபவர், கேட்டால் கேலி செய்வார்களோ என்று அஞ்சித் தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். தோட்டத் தொழிலாளியாக இருந்த தாத்தா பாட்டிமார்கள் இப்படித்தான் புரியாத தாள்களில் கைநாட்டு வைத்தார்கள். முடிவெடுக்குமுன் தீர்மானத்தை எல்லாருக்கும் புரியும் மொழியில் ஒருமுறை சொல்லிவிட்டு, "இதன் பொருளை உங்கள் சொல்லில் சொல்லுங்கள்" என்று ஒருவரைக் கேட்பது நல்ல பழக்கம். யாரைக் கேட்பது? நன்றாகப் பேசுபவரையே கேட்டால் பயனில்லை. மற்ற இனத்து நண்பர்கள் உங்கள் கழகத்தில் இருந்தால், அவர்களுக்கும் இதே மதிப்பைக் கொடுங்கள். அறையில் ஒருவருக்கு மட்டும் நகைச்சுவை புரியவில்லை என்றால், அவர் விருந்தாளியாகிவிடுகிறார், உறுப்பினராக இருப்பதில்லை.

கூட்டம் முடிந்த பின் மிஞ்சுவது கூட்டக் குறிப்பு. யார் என்ன செய்வார், எந்த நாளுக்குள் செய்வார் என்பது அதில் இல்லையென்றால், அடுத்த கூட்டத்திலும் அதே பேச்சு நடக்கும். "மண்டபத்தை ஏற்பாடு செய்வது என முடிவு செய்யப்பட்டது" என்று எழுதினால் மண்டபம் தானாக வராது. இவர் இந்த வெள்ளிக்கிழமைக்குள் தலைமையாசிரியரிடம் கடிதம் கொடுப்பார் என்று எழுத வேண்டும். மாற்றுக் கருத்து வந்திருந்தால் அதையும் ஒரு வரியில் பதிவு செய்ய வேண்டும். வேலைகளைப் பகிரும்போதும் கவனம் தேவை. கோலமும் சமையலும் மாணவிகளுக்கு, ஒலிபெருக்கியும் மேடையும் மாணவர்களுக்கு என்று பழக்கத்தால் பிரித்துவிடுகிறோம். மண்டோர் நிரை பிரித்தது போல, கேட்காமலேயே.

கூட்டக் குறிப்பில் 'வருகையாளர்' பட்டியலுக்குக் கீழே 'காரணத்துடன் வராதவர்' என்றொரு பகுதி உண்டு. பெரும்பாலான செயலாளர்கள் பெயரை மட்டும் எழுதிவிட்டு அதைக் கடந்துவிடுகிறார்கள். காரணத்தையும் ஒரு சொல்லில் எழுதுங்கள்: பேருந்து, தம்பியைப் பார்த்துக்கொள்ளல், பகுதி நேர வேலை, அறிவிப்புக் கிடைக்கவில்லை. தொடர்ந்து மூன்று கூட்டங்களில் ஒரே பெயருக்கு எதிரே ஒரே காரணம் வந்திருந்தால், அவரை நேரில் பார்த்து எந்த நாள், எந்த நேரம் வசதிப்படும் என்று கேளுங்கள். நான்காவது கூட்டத்துக்கான அறிவிப்பை அதன் பிறகு எழுதலாம்.